வெல்டிங் பட்டறைக்குப் போன கம்ப்யூட்டர்

உத்திரமேரூர்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்பு மகன் மோகன்குமாருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்க நைனாவும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம், அங்கே நீ அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் சௌக்கியமாக இருக்கிறாயா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் இதற்கப்புறம் இந்தக் கடிதத்தில் நல்ல வார்த்தை அதிகம் வராது. போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ "அது இல்லம்மா, நான் சொல்றத கேளு" என்று ஒன்பது சொல்வாய், கடைசியில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. வேதாசலம் மாமா மகள் திவ்யா அயர்லாந்துக்குத் திரும்பி வருகிறாள், அவள் கையில் மிளகாய்ப்பொடியும் வேர்க்கடலையும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். பொடியைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படி.

இந்த வருஷம் மழை பரவாயில்லை, ஏரி ரொம்பிவிட்டது, நாற்று விட்டாகிவிட்டது. உங்க நைனா போன போகத்தில் வரப்பில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாரே, அந்தக் கால் கூடிவிட்டது. குச்சி வைத்துக்கொண்டு கொல்லி வயல் வரைக்கும் போய் வருகிறார், போக வேண்டாத இடத்துக்கும் போகிறார். அதைத்தான் எழுத வந்தேன்.

விஷயம் நீ அனுப்பிய கிராபிக்ஸ் கார்டு. உன் தங்கச்சி கீர்த்திக்கு மெட்ராஸ் கம்பெனி ஒன்று சோதனைக்காக ஒரு வேலை கொடுத்தது உனக்குத் தெரியும். கட்டப்போகிற வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து, வாசலில் நுழைந்து கூடம் சமையலறை எல்லாம் நடந்து பார்க்கிற மாதிரி படமாகச் செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. இரண்டு வருஷமாக ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பில்டிங் பிளான் போட்டுக்கொண்டு அவள் காத்திருந்த வேலை. அவள் மிஷினோ ஏதோ ஒரு ஆபீசில் கழித்துப் போட்டதை வாங்கியது, பழைய வீடியோ டெக் அளவுக்கு ஒல்லியாக இருக்கும், அதில் படம் நடக்காமல் திக்கித் திக்கி நின்றது. நீ அண்ணனாக லட்சணமாக அங்கிருந்தே ஆர்டர் போட்டு ஒரு கார்டு அனுப்பினாய். அதில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பார்சலை யார் பேருக்கு அனுப்பினாய்? தாமோதரன் என்று உங்க நைனா பேருக்கு. எதற்காக? வயலுக்குத் தெளிக்கவா? அதோடு விட்டாயா, அவருக்குப் போன் போட்டு என்ன சொன்னாய்? "கீர்த்தி கை வெக்க வேணாம் நைனா, கைல கீற கரண்ட்ல அது பூடும், சுகுமாரு வந்து மாட்டிக் குடுப்பான்" என்று சொன்னாய். உன்னோடு பத்தாவது படித்து இப்போது பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அந்த சுகுமார்.

வந்தான். டீ குடித்தான். மூடியைக் கழற்றி, கார்டை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன், தப்பென்றால் உன் தங்கச்சியைக் கேள். நீ வாங்கியது குள்ளக் கார்டுதான், சரியாகத்தான் வாங்கியிருக்கிறாய். ஆனால் அதன் பக்கத்தில் முடுக்கியிருந்த தகடு பெரிய பெட்டிக்கானது, நெட்டையாக நின்றது, மூடி மூடாது. ஒல்லிப் பெட்டிக்கு வேண்டிய குட்டைத் தகட்டை அந்த அட்டைப்பெட்டியிலேயே அடியில் தனியாகப் போட்டிருப்பார்களாம், ஸ்க்ரூவைக் கழற்றி இதை எடுத்துவிட்டு அதை வைத்தால் ஆயிற்று. கீர்த்தி இதைச் சொன்னாள். நான் அங்கேயே பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். "நைனா, இன்னொரு தகடு அந்தப் பொட்டிக்குள்ள கீது, பொட்டிய குடுங்க" என்றாள். அந்தப் பெட்டியைத்தான் உங்க நைனா, பிள்ளை அனுப்பியது என்று பீரோ மேலே ஏற்றி வைத்து, மேலே ஒரு துண்டு வேறு போர்த்தியிருந்தார். அவர் எடுக்கவில்லை. சுகுமார், "அதெல்லாம் இதுக்கு வராதுமா, பெரிய கேபினெட்டு மாத்திடலாம், நம்ப கடையிலயே கீது" என்றான். கீர்த்தி மறுபடியும் சொன்னதற்கு, "நீ போயி இன்னொரு டீ போட்டுக்கினு வாம்மா" என்றார் உங்க நைனா. அவளும் போனாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது, கீரையை அவர்கள் இருவர் தலையிலும் கொட்டியிருக்க வேண்டும்.

பெரிய கேபினெட் எதற்குத் தண்டமாக என்று உங்க நைனாவுக்கு ஒரு யோசனை வந்தது. நம்ம ஊரில் எது எதற்குள் நுழையாவிட்டாலும் ஒரே வைத்தியம்தானே. டிராக்டருக்குக் கலப்பை சேரவில்லையா, பட்டறை. வாசல் இரும்பு கேட் மூடவில்லையா, பட்டறை. "நெல்லு அறுக்கற மிஷினயே பிரிச்சி மாட்னவன் நானு, இந்தத் தகரம் எனக்கு இன்னா பெரிசு, மேல கொஞ்சம் வெட்டி உட்டா தகடு பாட்டுக்கு தல நீட்டிக்கினு நிக்கும்" என்று சொல்லி, சுகுமார் வண்டியில் பின்னால் ஏறி, மிஷினை மடியில் வைத்துக்கொண்டு, குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற வெல்டிங் பட்டறைக்குப் போனார். மூடியை மட்டும் வெட்டியிருந்தால்கூடப் போகட்டும். பின்பக்கத்துத் தகரமும் இடிக்கிறது என்று, மிஷினுக்குள் எல்லாம் இருக்க இருக்க, கிரைண்டரைப் போட்டு அறுத்திருக்கிறார்கள். பொறி உள்ளே போகக் கூடாதாம், அதற்காகத் தன் தோள் துண்டை எடுத்து மேலே போர்த்தினாராம், பம்புசெட்டு மோட்டாருக்குப் போர்த்துகிற மாதிரி. அந்தத் துண்டில் இப்போது அம்மை போட்ட மாதிரி ஓட்டை. அவள் கை பட்டால் கெட்டுவிடும் என்று சொன்னாயே மோகனு, கிரைண்டர் பட்டால் கெடாதா?

வீட்டுக்குக் கொண்டுவந்து, புது டிராக்டருக்குச் செய்கிற மாதிரி கற்பூரம் சுற்றி எலுமிச்சம்பழம் வைத்து சுவிட்சைப் போட்டார்கள். ஒன்றும் வரவில்லை. விளக்குகூட எரியவில்லை. இரும்புத் தூள் முழுக்க உள்ளே. சுகுமாருக்குக் கடையில் ஆள் வந்துவிட்டார்கள் என்று ஞாபகம் வந்து கிளம்பிவிட்டான். கீர்த்தி பாதி செய்து வைத்திருந்த படமும் அதற்குள்ளே, வெள்ளிக்கிழமையோ எதிரில். அவள் கத்தவில்லை, அழவில்லை. அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொல்லி, உங்கள் ஆபீசுக்கு வந்து உங்கள் மிஷினிலேயே செய்து காட்டட்டுமா என்று கேட்டாள். வரச் சொன்னார்கள்.

அப்போதுதான் உங்க நைனா வாயிலிருந்து உண்மை வந்தது. "மெட்ராசுக்கா? அதெல்லாம் வேணாம். அவ வூட்ல இருந்துக்கினே வேல செய்யணும்னுதான் மோகனு இத்த அனுப்பிக்கீறான். அவ வூட்டோட கீறான்னா உங்கள பாத்துப்பா, எனக்கு நிம்மதின்னு சொன்னான்" என்றார். அவருக்குப் பெருமை, பிள்ளைக்கு எங்கள் மேல் எவ்வளவு அக்கறை என்று. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கீர்த்தி என்னைப் பார்த்தாள், உனக்கும் தெரியுமா என்கிற மாதிரி. எனக்குத் தெரியாது என்று என் பெண்ணுக்கு நான் சத்தியம் செய்ய வேண்டியதாகிவிட்டது மோகனு. அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாய்.

நீ போகும்போது உன்னை யாராவது தடுத்தோமா? ஏர்போர்ட்டுக்கு வேன் வைத்துக்கொண்டு வந்து கை ஆட்டினோம். அவளுக்கு மட்டும் முளைக்குச்சி அடித்துக் கன்றுக்குட்டி மாதிரி கட்ட வேண்டுமா, அதுவும் கயிறு என்று சொல்லாமல் பரிசு என்று சொல்லி? எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நாங்கள் உன்னைக் கேட்டோமா? கால் உடைந்த மனிதர் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறார், அவருக்குக் காவல் எதற்கு? காவல் வேண்டியது கம்ப்யூட்டருக்குத்தான்.

நான்தான் அவளை பஸ் ஏற்றிவிட்டேன். அங்கே உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடி வரைந்து காட்டியிருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் ஆபீசுக்கு வந்துதான் செய்ய வேண்டும் என்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டாள். துணிமணி எடுக்க வந்த அன்று, பீரோ மேலே இருந்த பெட்டியை அவளே நாற்காலி போட்டு எடுத்தாள், யாரையும் கேட்கவில்லை. குட்டைத் தகடு அடியில் சின்ன கவரில் இருந்தது. பெயின்ட் பிரஷ் வைத்து தூளை எல்லாம் தள்ளி, ஊதி, நெட்டைத் தகட்டைக் கழற்றி இதை வைத்து முடுக்கி, கார்டைச் செருகினாள். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கர் அடங்குவதற்குள் மிஷினில் விளக்கு எரிந்தது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது, அந்த வீட்டுக்குள்ளே நானும் கூடம், சமையலறை, மாடி எல்லாம் போய்ப் பார்த்தேன். உங்க நைனா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போய், மூடியில் வெட்டின ஓட்டைக்கு கறுப்பு டேப் ஒட்டினார், பல்லி பூந்திடுமாம்.

அவள் போய்விட்டாள். வேளச்சேரியில் ஹாஸ்டல். எனக்குக் கஷ்டமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பஸ் போன பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அழுதால் அனுப்பியது தப்பு என்றா அர்த்தம்? உன்னை அனுப்பியபோதும்தான் அழுதேன். அவளுக்குப் போன் போட்டு, அம்மாவைத் தனியாக விட்டுவிட்டாயே என்று ஒரு வார்த்தை கேட்டாய் என்று என் காதில் விழுந்தால் அப்புறம் இருக்கிறது உனக்கு. அவளிடம் நீ சொல்ல வேண்டியது வேறு, என்ன என்று உனக்கே தெரியும், அதை நைனா மூலமாகச் சொல்லாமல் அவளுக்கே போன் செய்து சொல். நீ அனுப்பிய கார்டு நன்றாக வேலை செய்கிறது, உட்காரத்தான் ஆள் இல்லை. எங்கள் மேல் இனிமேல் கவலை வந்தால் பார்சல் போடாதே, உன் தங்கச்சியைக் காவல் வைக்காதே. டிக்கெட் போட்டு நீ வா.

காதை மூடாமல் வெளியே போகாதே, மிளகாய்ப்பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. மாகறல் ஈஸ்வரன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் தங்கச்சியையும் அப்படியே.

இவ்வளவு திட்டிய பிறகும் உன்னை நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
தா. அம்முலு