மேற்கே போகும் தண்ணீர்

லூண்ஸர் தாணி, பார்மேர்
12.4.1996

அன்பு ஹமீர் அண்ணாவுக்கு,

உமேத் எழுதுகிறேன். அண்ணியும் பிள்ளைகளும் சுகந்தானே? போன மழைக்கு முன்னால் உங்கள் மச்சானும் ஊராரும் ஓடையை மறித்து மண்கரை போட்டார்களே, அந்த ஈரத்திலேயே கோதுமை விளைந்து வீடு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாக எல்லை வேலிக்கு அப்பால் வீணாக ஓடிக்கொண்டிருந்த மழைத் தண்ணீர்! எனக்கு ஒரே பெருமை.

ஒன்றுதான் மனசுக்குச் சரியில்லை. கேசர் அக்கா இறந்து அவள் இடத்துக்கு நான் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து, இங்கத்து வழக்கப்படி அவள் உருவம் பொறித்த வெள்ளித் தகடு என் கழுத்தில் கிடக்கிறது. முதல் மடக்கை அவளுக்குக் காட்டாமல் நான் எதையும் குடித்ததில்லை. கரையடிக் கிணற்றுத் தண்ணீரைக் காட்டினால் மட்டும் தகடு சில்லிட்டுப்போகிறது. எல்லோருக்கும் இனிக்கிற தண்ணீர் எனக்குக் கரிக்கிறது. மாமியாரிடம் சொன்னேன். "உனக்கு நாக்குச் செத்துப்போச்சுடி" என்று சிரிக்கிறார்.

தங்கை,
உமேத்

---

காரோடா, தார்ப்பார்க்கர்
30.5.1996

பிரிய உமேதுக்கு,

உன் வீடு நிறைந்ததில் சந்தோஷம். வயிறும் எரிகிறது, மறைக்க மாட்டேன். நீ வீண் என்று எழுதிய தண்ணீர்தானம்மா வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் குளம்! போன மழைக்கு ஓடையில் ஒரு சொட்டு வரவில்லை. கிணற்றில் உப்பு, ஆடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பாதி ஊர் கால்வாய்ப் பக்கம் பிழைக்கப் போய்விட்டது. "நாத்தனார் வீட்டுக்குக் கோதுமை, நமக்கு உப்பா?" என்று உன் அண்ணி பொழுதுக்கும் கேட்கிறாள்.

இந்த மழைக்கும் வராவிட்டால் நாங்களும் கிளம்ப வேண்டியதுதான். கேசரும் நீயும் பிறந்த வீடு பாழாய்க் கிடக்கும். மச்சானிடம் கொஞ்சம் பேசு, தாயே.

ஹமீர்

---

காரோடா
25.8.1996

பிரிய உமேதுக்கு,

மச்சானிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், சண்டை வரும். காய்ந்த ஓடை மணலைத் தோண்டினோம். ஆளுயரத்தில் ஊற்று, அப்படி ஒரு ருசி! ஊரை விட்டுப் போகவில்லை. ஊற்றைக் காவல் காக்க வேண்டாமா? குடிசையைப் பிரித்து ஓடைக்குள்ளேயே போட்டுவிட்டேன்.

"ஓடையில யாராச்சும் வீடு கட்டுவாங்களா?" என்றாள் உன் அண்ணி.

"எந்த ஓடை? அதத்தான் மச்சான் அடைச்சுட்டாரே!" என்றேன்.

பிள்ளைகள் குளிர்ந்த மணலில் உருண்டு தூங்குகின்றன. நீ கவலைப்படாதே.

ஹமீர்

---

லூண்ஸர் தாணி
20.9.1996

அன்பு அண்ணாவுக்கு,

மே மாதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கிளம்பிவிட்டீர்களோ என்று பதறிக்கொண்டிருக்கிறேன். இவரிடம் பேசினேன். "அந்தப் பக்கம் போற தண்ணிக்கு நான் எதுக்கு அழணும்?" என்றுவிட்டார்.

விடாத மழை. கரை தளும்பியது. ஈரக் கரைமேல் தினமும் காலடித் தடம், எல்லாம் மேற்குப் பக்கமாக. அக்கா பாதம் எனக்குத் தெரியாதா? நேற்று கிணற்றடியில் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது: "என் பொறந்த வீட்டுத் தண்ணிய நீயே குடிக்கிறியேடி."

ஆண்கள் எல்லாரும் ராம்தேவ்ரா திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள். இன்று விடியற்காலையில் மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டிவிட்டேன், அண்ணா. கொஞ்சம் திறக்கத்தான் நினைத்தேன். கரையே பிளந்துகொண்டது. ஆத்தாடி, என்ன வேகம்! இவர் வந்து என்னைக் கொன்றாலும் சரி. குளம் நிறைந்ததும் எழுதுங்கள்.

தங்கை,
உமேத்

---

லூண்ஸர் தாணி
14.10.1996

அண்ணா,

ஆகஸ்டில் நீங்கள் எழுதிய கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. எல்லையில் பிரித்துப் பார்த்து ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

வானம் கறுத்ததுமே அண்ணி கத்தியிருப்பாள். நீங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறியிருப்பீர்கள். ஏறினீர்கள்தானே?

கரை உடைந்த நாளிலிருந்து காலடித் தடத்தைக் காணவில்லை. கிணற்றுத் தண்ணீர் எனக்கும் இனிக்கிறது. பயமாக இருக்கிறது, அண்ணா. அக்கா கேட்டது தண்ணீரைத்தானா, இல்லை, உங்களையா?

"அண்ணன் பேரையும் சொல்லி ஒரு மடக்குக் காட்டுடி. தாகத்தோட அலையப்போறான்" என்கிறார் மாமியார். உயிரோடு இருக்கிற உங்களுக்கு நான் எப்படிக் காட்டுவேன்? இல்லையென்றால், காட்டாமல் எப்படி இருப்பேன்? காலையிலிருந்து சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாயில் வைக்க முடியவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உமேத்