கடைசி ஐந்து இலக்கங்கள்

மார்ச் 4, 2025
கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு வரி: சர்மிளாவுடனான பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டதாம். மாறட்டும், எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். பின்னாலேயே தங்கச்சி சர்மிளாவிடமிருந்தே மெசேஜ். குவைத்தில் எல்லாம் சுகமாம். வீட்டு வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டப் போகிறாளாம். அக்கா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

போன மாதம்தான் "இனி ஒரு நாள்கூட இருக்க ஏலாதுக்கா" என்று அழுதாள். ஒரு மாதத்தில் என்ன சுகம் வந்தது?

மார்ச் 5
அப்பாவிடம் சொன்னேன். "புள்ள நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கு. நீ எதுக்குக் கெளறிக்கிட்டு இருக்க?"

அவருக்கு வேறு கவலை. தேயிலைத் தோட்டத்தில் அம்மாவின் வேலை நம்பரான 317ஐ, இன்று காலை ஆள் கூப்பிடும் பெரட்டில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அம்மா போய் ஆறு வருடம், யாருக்காவது கொடுக்கத்தானே வேண்டும். இருந்தாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் "317" என்று கூப்பிட்டால், அம்மாவின் கூடையை இறக்க நானும் சர்மிளாவும் எங்கிருந்தாலும் ஓடி வருவோம்.

மார்ச் 7
அவளை அனுப்பிய ஏஜென்ட் விஜிதரன் கடைக்கே வந்துவிட்டான். "தங்கச்சியே ஆசப்படுது. நீங்க ஒரு கையெழுத்து வச்சா முடிஞ்சுதுக்கா." அவனுக்கு ஏன் இத்தனை அவசரம்? அவள் எனக்கு எழுதியதை வரி மாறாமல் சொல்கிறான். எப்படி?

மார்ச் 8
ஹட்டன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போன் திருத்துகிற நிரஞ்சனிடம் காட்டினேன். நடுவில் யாரோ வாசிக்கிறார்களா என்று கேட்டேன்.

"ஒவ்வொரு போனுக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவிங்க அக்கா. பூட்டத் தொறந்தபடி ஊருக்கே குடுக்கலாம். நீங்க எழுதுறத அவங்க பூட்டுல போட்டு அமுக்கி அனுப்புறீங்க. அமுக்கிட்டா நீங்களே தொறக்க ஏலாது. சாவி அவங்க போன விட்டு வெளிய வராது. வழியில எவன் புடிச்சாலும் வெறும் பூட்டுத்தான்."

பூட்டை ஊருக்கெல்லாம் கொடுத்தால், அதைப் பார்த்துச் சாவி வெட்ட மாட்டானா?

"இரும்புப் பூட்டு இல்லீங்க, கணக்குப் பூட்டு. போடுறது லேசு. திருப்பிப் போட்டு சாவியக் கண்டுபுடிக்க எந்தக் கம்பியூட்டருக்கும் ஆயுசு பத்தாது."

அப்படியானால் நடுவில் ஒருவன் தன் பூட்டைக் கொடுத்து, இதுதான் சர்மிளா பூட்டு என்றால்?

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அதுக்குத்தான் அந்தக் குறியீடு. ரெண்டு பேரு பூட்டையும் சேர்த்து வர்ற நம்பரு, அஞ்சஞ்சு இலக்கமா பன்னெண்டு. அவங்க வாயால வாசிக்க வச்சு ஒத்துப் பாருங்க. நடுவுல ஆள் இருந்தா ஒண்ணும் ஒத்துப்போகாது. மாறினதுக்குக் காரணம் போன் மாறினதாவும் இருக்கலாம்."

இவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? காசுகூட வாங்கவில்லை. விஜிதரனுக்குத் தெரிந்தவனோ? — சீ, எனக்கு எல்லாருமே கள்ளனாகத் தெரிகிறார்கள்.

மார்ச் 9
விஜிதரனிடம் சொல்லிவிட்டேன். தங்கச்சி தன் வாயால் அந்த நம்பரை வாசிக்கட்டும், அப்புறம் கையெழுத்து. "என்னாக்கா, எங்க மேல சந்தேகமா?" என்று சிரித்தான். ஆமாம், சந்தேகம்தான்.

மார்ச் 12
போன் கோல் வந்தது. அவள் குரல்தான். பக்கத்தில் ஒரு பொம்பளை "ம், சீக்கிரம்" என்றது தமிழில் கேட்டது. இங்கே நான் திரையைப் பார்க்க, அங்கே அவள் வாசித்தாள். முதல் ஐந்து சரி. அடுத்ததும் சரி. பதினொன்று சரி. எனக்கே வெட்கமாகிவிட்டது, வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று.

கடைசியாக என் திரையில் 58204.

அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்: "சைபர், சைபர், மூணு, ஒண்ணு, ஏழு. சரியாக்கா?"

"சரி" என்றேன். "எல்லாம் சரி தங்கச்சி."

நடுவில் ஆள் இருந்தால் ஒன்றுமே ஒத்துப்போகாது, பதினொன்று ஒத்துப்போனது. வழியில் யாரும் இல்லை. பூட்டு நல்ல பூட்டுத்தான். அவள் பக்கத்திலேயே விஜிதரனின் ஆள் உட்கார்ந்திருக்கிறது. சிம்மைப் பிடுங்கித் தன் போனில் போட்டு அவள் பேரில் எழுதுவதும் அதுதான்; குறியீடு மாறியதும் அதனால்தான். எந்தப் பூட்டு என்ன செய்யும்? ஐயோ, என் புள்ள கூப்பிட்டிருச்சே. அம்மா நம்பரச் சொல்லிக் கூப்பிட்டிருச்சே.

மார்ச் 13
அந்தப் போனுக்கு "சந்தோஷம், பொங்கிப் படைத்துவிட்டு நல்ல நாள் பார்த்துக் கையெழுத்து வைக்கிறேன்" என்று எழுதினேன். விஜிதரனுக்கும் அதையே சொன்னேன். அப்பாவிடம் 317ஐச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு எழும்பினார். நாளை முதல் பஸ்ஸில் இருவரும் கொழும்புக்கு, வெளிநாட்டு வேலை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்க.

ஏப்ரல் 2
கையெழுத்து வைக்கவில்லை. விஜிதரன் இப்போது அக்கா என்று கூப்பிடுவதில்லை.

மே 19
தூதரகத்து ஆட்கள் அந்த வீட்டுக்குப் போனார்களாம்.

ஜூன் 22
போனில் அதே வரி: சர்மிளாவுடனான பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது. ஊர் வந்து சேர்ந்ததும் நிரஞ்சன் கடையில் அவளே வாங்கிய போன். தெரிந்தும் விடவில்லை நான், "வாசி" என்றேன். "இன்னும் சந்தேகமாக்கா?" என்று அடுப்புப் பக்கம் உட்கார்ந்து வாசித்தாள். அப்பா தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி ஐந்தையும் சரியாக வாசித்தாள்.