வேறு பாத்திரத்தில் ஊற்றுதல்

4 ஜூன் 2025, ஷார்ஜா

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அதிகாரம் வந்திருக்கிறது. ஏசி குழாய் செய்யும் எங்கள் டக்ட் கம்பெனி ஃபோர்மேன் ஹபீப் முகம்மதுவிடம் காலையில் வாங்கிய திட்டு ஆறுவதற்குள் வந்துவிட்டது.

அக்கா ஷியாமளாவின் கணவர் பாலமுரளி அத்தான், அமெரிக்காவில் இருந்தபோது, நாலு வயது மகள் இளவேனிலின் படிப்புக்காகப் பணம் போட்டு ஒரு டிரஸ்ட் எழுதினார். ரத்து செய்ய முடியாத ரகம். எழுதியவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. கனகாவிடம் இதை விளக்கினேன். "நம்ம கல்யாணம் மாதிரி" என்றாள்.

அவள் மருத்துவம் படித்தால் பணம். இல்லையென்றால் முப்பத்தைந்து வயதுவரை காத்திருக்க வேண்டும். பணத்தைக் காத்துக் கொடுக்கவேண்டிய டிரஸ்டி நான். "இவன் எதையும் மாத்த மாட்டான், சட்டையையே மாத்த மாட்டான்" என்று அன்றைக்கு அத்தான் காரணம் சொன்னார்.

இப்போது அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்திவிட்டதாம். பழைய டிரஸ்டில் இருப்பதை, புது நிபந்தனைகள் போட்ட இன்னொரு டிரஸ்டுக்கு டிரஸ்டி மாற்றலாம். அங்கிருக்கும் வக்கீலம்மாவின் மெயிலை மூன்று முறை படித்தேன். டிரஸ்டி, டிரஸ்டி என்று வருகிற இடமெல்லாம் நான்தான்!

7 ஜூன்

பெருநாள் லீவு. சவூதியில், கோபாரில் அக்கா அத்தானோடு இருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளவேனில் எங்கள் வீட்டில் இருக்கிறாள். இங்கேயே ஷார்ஜாவில் விமானம் பழுதுபார்க்கும் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் பதினைந்துக்குள் சேரவேண்டும். அத்தான் முடியாது என்கிறார். தன் பெண் ஸ்பேனர் பிடிப்பதா?

இன்று எங்கள் வாஷிங் மெஷினைக் கழற்றி மாட்டினாள். ஓடுகிறது. ஒரு ஸ்க்ரூ மிச்சம். கம்பெனிக்காரன் தப்பாகப் போட்டதாம்.

"மாமா, ஜஸ்ட் சைன் பண்ணுங்க. யூ ஆர் த டிரஸ்டி."

சொல்வது சுலபம். இருபது வருடமாக என்னை டேய் என்று கூப்பிடும் மனிதரை எதிர்த்துக் கையெழுத்தா? நானா?

10 ஜூன்

வக்கீலம்மாவுக்குச் சரி என்று எழுதிவிட்டேன். இனி அத்தானுக்கு நோட்டீஸ் தரவேண்டும். பிடிக்காவிட்டால் அறுபது நாளுக்குள் அவர் கோர்ட்டுக்குப் போகலாம்.

இந்த மாற்றத்துக்கு வக்கீலம்மா சொன்ன வார்த்தை 'டிகேன்ட்'. அகராதியில் பார்த்தேன்: கசடு நீக்கி வேறு பாத்திரத்தில் ஊற்றுதல். அழகாக இருந்ததால் வாட்ஸப்பில் அப்படியே அடித்தேன்: "அத்தான், முடிவு பண்ணிட்டேன். பழசை வடிச்சு வேற பாத்திரத்துல ஊத்தப் போறேன். அறுபது நாள்ல ரெடி. விவரம் இணைப்பில்."

பத்தே நிமிடத்தில் போன். "டேய் சங்கரா, மூளை இருக்கா? நீ இருக்கறது எந்த ஊரு, நான் இருக்கறது எந்த ஊரு? இதையெல்லாமா எழுதி அனுப்புவ? இணைப்பைத் திறக்காமயே அழிச்சுட்டேன்." கலாஸ், முடிந்தது கதை. என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்.

டிரஸ்ட் கோபம் என்றுதான் நினைத்தேன். மாலையில் அக்கா போனில் கிசுகிசுத்தாள்: "நீ சாராயம் காய்ச்சறியாமே. கனகாவுக்குத் தெரியுமா?"

ஷார்ஜாவிலிருந்து கோபாருக்கு. ஒரு சொட்டுக்கும் அனுமதியில்லாத இரண்டு ஊர்கள்!

11 ஜூன்

நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததாகவே கணக்கு, நாள் ஓடுகிறது என்கிறார் வக்கீலம்மா. அழித்தது அவர் பாடு.

ஆக, நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அதில் எனக்கு அனுபவம் உண்டு.

2 ஜூலை

இன்னும் காய்ச்சுகிறாயா என்று அக்கா கேட்டாள். நிறுத்திவிட்டேன் என்றேன். காய்ச்சாததை நிறுத்துவது சுலபமாக இருந்தது.

19 ஜூலை

எல்லாவற்றையும் கனகாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அவருக்குத் தெரியாம பண்ணிட்டா, அப்புறம் அந்தப் பொண்ணு எந்த மூஞ்சியோட அவங்க வீட்டுக்குப் போவா?"

கோழை என்பது ஊரறிந்தது. ஆனால் இது — இதற்கு என்ன பெயர்?

20 ஜூலை

அக்காவின் போனில் அத்தானைப் பிடித்தேன். சாராயம் இல்லை, டிரஸ்ட் என்றேன். நோட்டீஸை மறுபடி அனுப்பினேன்.

"நான் எழுதினதை நீ மாத்துவியா?"

"சட்டம் மாத்த விடுது அத்தான்." குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"சொல்லாம இருந்திருந்தா உனக்கு வசதிதானே?"

"வசதிதான். கனகா விடல."

அக்காவிடம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு, விமானத்தில் அவள் எதைப் பார்ப்பாள் என்று கேட்டார். எஞ்சின் என்றேன்.

"பறக்கறப்பவா?"

"நிக்கறப்ப அத்தான்."

வைத்துவிட்டார்.

25 ஜூலை

அத்தான் யாரிடமோ வக்கீல் நம்பர் வாங்கினாராம். வக்கீலம்மாவின் மெயிலை நாலாவது முறை படித்தேன். இளவேனில் சாப்பிடவில்லை.

6 ஆகஸ்ட்

அத்தானே கூப்பிட்டார். "மாப்ள, சாப்டீங்களா?"

போனைக் காதிலிருந்து எடுத்து, யார் என்று பார்த்துக்கொண்டேன். அவர்தான்.

"அந்த நோட்டீஸை இன்னும் படிக்கல. படிக்கற கண்ணாடி உடைஞ்சுபோச்சு. கடைக்காரன் பதினொண்ணாம் தேதிதான் தருவானாம். ஒம்பதாம் தேதி தாண்டிடும், என்ன பண்றது?"

கெடு ஒன்பதாம் தேதி என்பது நோட்டீஸில் மட்டும்தான் இருக்கிறது. நான் வாய்விட்டுச் சொல்லவேயில்லை.

"ஒண்ணும் பண்ண முடியாது அத்தான்" என்றேன்.

10 ஆகஸ்ட்

ஆட்சேபம் வரவில்லை. மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மூன்றும் மூன்று மாதிரி. இளவேனில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது கனகாவை.

14 ஆகஸ்ட்

நேற்று சேர்ந்துவிட்டாள். இன்று மத்தியானம் கோபாரிலிருந்து போன். ஷார்ஜாவில் விற்கும் சேஃப்டி ஷூவெல்லாம் வெறும் அட்டையாம். அங்கே எண்ணெய் பிளான்ட் ஆட்கள் வாங்குகிற கடையில் இரும்பு மாதிரி கிடைக்குமாம்.

"அவ கால் சைஸ் என்ன?"

"அவளையே கேளுங்களேன் அத்தான்."

"நான் கேட்டேன்னு சொல்லாதீங்க."

வாசலில் கிடந்த அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். ஏழு. அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "ஏழரை வாங்கறேன். தடி சாக்ஸ் போடணும்ல."