ஸ்லெப் போடும் வரைக்கும்

அலுவிகாரை,
மாத்தளை.

அன்பு மகன் றினோஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சொல்லச் சொல்ல எழுதுவது உங்கள் தங்கச்சி நுஸ்லா, நானா. ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று உம்மா சொல்லியிருப்பதால், நடப்பது எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன். போனில் நீங்கள் அழுவது ரூமில் இருப்பவர்களுக்கும் கேட்கிறதாம், ஆம்பிளைக்கு அது வெட்கமாம், அதனால்தான் நாளை கட்டாருக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு மஹ்ரூப் நானாவிடம் இதைக் கொடுத்து விடுகிறோம். இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி என்று கேட்க மாட்டேன், கேட்டால் வெயில் என்பாய், மாத்தளையிலும் வெயில்தான் என்கிறா உம்மா. சாச்சியின் மகன் ஸஜ்ஜாத் பலாபத்வலயில் கடை திறந்துவிட்டான், உன்னைவிட இளையவன், அவன் உம்மாவுக்குப் போன் எடுத்து மூக்கைச் சிந்துவதில்லை என்றும் எழுதச் சொன்னா.

போன வருஷம் நீங்கள் வேலையை விட்டு வருவேன் என்று நின்றபோது, ஐ.சி.டி. மிஸ் கம்பியூட்டர் பாடத்தில் படிப்பித்த லூப் பற்றிச் சொன்னேனே, முழுதையும் நினைத்துப் பயப்படக் கூடாது, ஒரு தடவை செய்ய வேண்டும், நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஒரு தடவை, தஸ்பீஹ் மணி உருட்டுவது போல. நான் கணக்குப் பாடத்தை அப்படித்தான் படிக்கிறேன். நீங்களும் வீட்டுக்குக் கொங்கிரீட் கூரை போடுவதையே நிபந்தனையாக்கி, ஹெல்மெட்டுக்குள்ளே ‘ஸ்லெப் போடும் வரைக்கும்’ என்று எழுதி வைத்து ஒவ்வொரு நாளாகத் தள்ளினீர்கள். உம்மாவுக்கு அந்தப் பாடம் மிகவும் பிடித்துப் போயிற்று. இப்போது எழுதச் சொல்வது இது: வீட்டுக்கு ஸ்லெப் இன்னும் போடவில்லை, சீமெந்து விலை ஏறிவிட்டது, இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடு. எழுதிவிட்டேன். ஆனால் நானா, ஸ்லெப் போட்டு முடிந்துவிட்டது. உம்மா மிளகு காயப் போடுவதே அதன் மேல்தான். போன் அவ கையில் இருக்கிறது, வீடியோவில் உங்களுக்குக் காட்டுவது பின்பக்கத்துப் பழைய சுவரை மட்டும். கண்ணாடி உடைந்து கிடப்பதால் இதை அவவால் வாசிக்க முடியாது.

நிபந்தனை நிறைவேறிவிட்டதே, லூப் நிற்க வேண்டுமே உம்மா என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது, எழுத்து கோணியது அதனால்தான். தஸ்பீஹ் ஒரு சுற்று முடிஞ்சா அடுத்த சுற்றைத் தொடங்குறதில்லையா, ஸ்லெப் இல்லாட்டி ஒன்ட கலியாணம் வரைக்கும்னு எழுது என்றா. நான் ஏ.எல். சோதனை எடுத்து கெம்பஸ் போக வேண்டும் என்றேன். போயேன் மகள், நல்லாப் படி, நீ படிச்சு முடிக்கும் வரைக்கும் அவன் அங்கேயே ஈக்கட்டும் என்று சொல்லிச் சிரித்தா. இனிப் புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. நிபந்தனையை மாற்றிக்கொண்டே போனால் மெஷின் நிற்காது, சூடாகிச் சூடாகி ஒரு நாள் செத்துவிடும் என்று மிஸ் சொன்னா.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உழைக்கும் தெம்பையும் தரட்டும். ஐந்து நேரமும் தொழு. கையெழுத்துப் போட்ட தாளைப் போட்டோ எடுத்து அனுப்ப மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா,
நூருன்னிஸா

நானா, உம்மா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டா. நீங்கள் போடாதீர்கள். கடதாசி ஏன் இவ்வளவு நீளம், கரண்ட் வீணாகுது என்று ஏசிக்கொண்டே லைட்டை அணைக்க வருகிறா.