பிரிபடாத பாதி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? எல்லாக் கடிதமும் இப்படித்தான் தொடங்கும். நான் உண்மையிலேயே பதில் வேண்டிக் கேட்கிறேன்.

இந்த முகவரி சரியா என்று தெரியாது. உன் நண்பன், ஏசி மெக்கானிக், கொடுத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஏதோ துறைமுகத்துக்கு வேலையாகப் போனபோது உன்னை மாதிரி ஒருவனைப் பின்னாலிருந்து பார்த்தானாம். கூப்பிட்டானாம். அந்த ஆள் திரும்பவில்லை. எங்கே தங்குகிறான் என்று விசாரித்து எழுதிக்கொண்டு வந்தவன், அது நீ இல்லாமல் போனால் அம்மா தாங்கமாட்டாள் என்று தன்னிடமே வைத்துக்கொண்டான். போன வாரம்தான் என்னிடம் தந்தான்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்து ஆறு வருடம். அம்மா இறந்து பதினோரு மாதம். அப்பாவுக்கு உயிர் போகப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா படுத்துக் கிடந்தாள். இரண்டு தடவையும் செய்தித்தாளில் இரங்கல் அறிவிப்பு கொடுத்தேன். நீ அந்தப் பக்கம் படிக்கிறவன் இல்லை.

இதை வேறு மாதிரி எழுத நான்கு தாள் கிழித்தேன். முடியவில்லை.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" நாள் முழுக்க இதே கேள்வி. வீட்டுக்கு வந்தால் கேட்க ஆளில்லை. நான்கு அறையில் ஒன்றில்தான் இருக்கிறேன். மற்ற மூன்றைப் பூட்டவில்லை. பூட்டினால் உள்ளே யாரோ இருப்பது போல ஆகிவிடும்.

அதனால்தான் விற்கலாம் என்று நினைத்தேன். வேறு காரணம் இல்லை.

வாங்க வந்திருப்பவர்கள் ஒரு நர்ஸ், அவர் கணவர் பஸ் டிரைவர். நல்ல மாதிரி. டிரைவர் அளவு நாடாவை நீட்டி, "அந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க தங்கச்சி" என்றார். அறை அறையாகப் பிடித்தேன். இந்த வீட்டில் யாருடனாவது சேர்ந்து ஒரு வேலை செய்து எவ்வளவு நாளாயிற்று. அவர்கள் போன பிறகு கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

பத்திரங்களைப் பார்த்தவர் அவர்களுடைய வக்கீல். மாடியில் சின்ன அலுவலகம், மின்விசிறிக் காற்று படுகிற இடமெல்லாம் காகிதத்துக்கு மேல் கல். ஐம்பது வயதுப் பெண்மணி. பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. மூலப் பத்திரம் இருக்கிறதா, வில்லங்கச் சான்றிதழ் எடுத்தாயா, வாடகைக்கு யாராவது இருக்கிறார்களா, வரி கட்டியிருக்கிறதா. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். அப்பாவின் வாரிசுச் சான்றிதழைப் பார்த்தார். அதில் மனைவி, மகள், இரண்டே பேர். பேச்சுவாக்கில்தான் கேட்டார், "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"ஒரு அண்ணன்" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சின்ன வயதிலிருந்து இந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதில்தான். வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

அப்பா போனதும் அந்தச் சான்றிதழுக்குக் கொடுத்த விண்ணப்பம் என் கையெழுத்தில் எழுதியது, அண்ணா. எனக்குப் பத்தொன்பது வயது. பிள்ளைகள் பெயர் என்று இருந்த இடத்தில் உன் பெயரை எழுதப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க இருக்கான்னு கேப்பாங்க. தெரியாதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? உன் பேரு மட்டும் எழுது." கோபத்தில் உன்னை விட்டுவிட்டாள் என்று நினைக்காதே. பிள்ளை இல்லை என்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. இருக்கிறான், பேசமாட்டேன் என்கிறான் என்பதுதான் வாயில் வரவில்லை.

எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோடு போட்ட இடம் காலியாகவே போயிற்று.

உனக்கு இதில் ஒன்றும் வேண்டாம் என்று வக்கீலிடம் சொன்னேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்க வீடும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டுப் போனாயே, அதைச் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தாரா?"

"இல்ல. கத்தினான்."

"கத்தினதெல்லாம் செல்லாதும்மா. செல்லும்னா இந்நேரம் எங்க வீடே என் நாத்தனார் பேர்லதான் இருக்கும்."

சிரித்துவிட்டேன். பல நாள் கழித்து.

பாதி உன்னுடையதாம். என் பாதியை மட்டும் விற்கலாமா என்று கேட்டேன். "யாரு வாங்குவா? எது எந்தப் பாதின்னு காட்டுவே?" என்றார். கோடு கிழித்துப் பிரிக்காத வரைக்கும் இந்த அறை உனக்கு, அந்த அறை எனக்கு என்று கிடையாதாம். ஒவ்வொரு செங்கலிலும் நாம் இருவரும் இருக்கிறோமாம். அன்று வீட்டுக்கு வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தேன். படித்தவள் செய்கிற காரியமா? தொட்டேன்.

உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் உண்டா என்றும் கேட்டார். நீ இல்லையென்றால் பங்கு அவர்களுக்குப் போகுமாம். நான் யாருக்காவது அத்தையா என்று ஒரு வக்கீல் கேட்டுத்தான் யோசிக்கிறேன்.

இப்போது விஷயம். நர்ஸோடு போட்ட ஒப்பந்தப்படி அடுத்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் வழி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நர்ஸ் வேறு வீடு பார்த்துக்கொள்வார். வக்கீல் சொன்ன வழி இரண்டு. நீ வந்து என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போடலாம்; வர முடியாவிட்டால், அங்கேயே முறைப்படி அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். வாரிசுச் சான்றிதழை நான் திருத்தி வாங்குகிறேன்.

நீ கிடைக்காவிட்டால் என்று மூன்றாவதாக ஒரு வழியும் சொன்னார். ஏழு வருடமாக ஒருவனைப் பற்றி வீட்டாருக்கே தகவல் இல்லையென்றால், இறந்துவிட்டதாகக் கொள்ளும்படி நீதிமன்றத்தில் கேட்கலாம். அதற்கான உறுதிமொழியைத் தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிட்டார். ஒரே பக்கம். மூன்றாம் பத்தியில் இருக்கிறது: மேற்படி நபரைப் பற்றி நானோ உறவினர்களோ நண்பர்களோ எந்தத் தகவலும் அறியோம்.

மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். "முதுகைப் பார்த்தா அது தகவலா? முகத்தைப் பார்த்தானா?" என்றார். எனக்காகத்தான் சொன்னார். கடிதம் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். "போடு. பதில் வந்தா அந்தத் தாளைக் கிழிச்சுடு. வரலன்னா எடுத்துட்டு வா."

தாள் என் மேசையில் இருக்கிறது. கீழே என் பெயர் அச்சிட்டு, மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

ஏன் வரவில்லை, ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. அப்பா உன்னை அடித்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வரவில்லை. அதை நீ வைத்துக்கொண்டிருந்தால் வைத்துக்கொள்.

சம்மதம் என்றால் எழுது. சம்மதமில்லை என்றாலும் எழுது. "விற்காதே" என்று ஒரு சொல் போதும். "நீ யாரடி கேட்க" என்று எழுதினாலும் போதும். நர்ஸ் வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும். மறுக்க ஆள் இருக்கிறான் என்று அந்தத் தாளை வக்கீல் முன்னாலேயே கிழிப்பேன். நான்கு அறையில் ஒன்றில் இன்னும் பத்து வருடம் வேண்டுமானாலும் இருப்பேன்.

ஒரு முறை உன்னை விட்டு எழுதிவிட்டேன். இன்னொரு முறை என் கையால் முடியாது, அண்ணா. எங்கே இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள். வேண்டாம் என்றாவது சொல்.

உன் தங்கை,
சில்வண்டு