சிவப்பு மையில் ஒரு திருத்தம்

28.10.92, புதன்

காலையிலிருந்து மழை. குடை கம்பெனியிலேயே. திருமழிசையிலிருந்து நனைந்த சட்டையோடு பஸ்ஸில் நின்றபடி.

மனைவி லூர்து போய் ஐந்து மாதம். கல்லறைத் திருநாளுக்குள் கல் வைக்க வேண்டும். சேக்காட்டில் கல் வெட்டுபவர் கேட்டார்: "பேரு, தேதி சரி. கீய ஒரு வரி எடம் கீது சார். இன்னா போடறது?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

30.10, வெள்ளி

வாங்க: சுண்ணாம்பு, மெழுகுவத்தி 2 பாக்கெட், சாமந்தி. பல்வலி.

மனதில் ஒரே சொல். பாதிரியாராகச் சேர்ந்த குருமடத்தில் மூன்று வருடம் லத்தீன் படித்த மிச்சம். காருஸ், காரா, காரும். ஆணுக்கு, பெண்ணுக்கு, இரண்டுமில்லாததற்கு. அன்புக்குரிய என்று பொருள். ஆசைப்படுவது என்ற பழைய வேர் என்பார் சாமியார், வகுப்பே சிரிக்கும். அதற்கும் மேலே போனால் காரிஸ்ஸிமா, மிக மிக அன்பானவளே. கல்யாணமான வருடம், வேலை பார்த்த நாக்பூரிலிருந்து லூர்துக்கு அப்படித்தான் கடிதம் தொடங்குவேன். தமிழில் எழுத வெட்கம்.

அவளும் பதிலுக்கு எனக்கு 'காரிஸ்ஸிமா' என்று எழுதினாள். நான், மடையன், சிவப்பு மையில் அடித்து, 'ஆணுக்கு காரிஸ்ஸிமே. பத்து தடவை எழுது' என்று அவள் கடிதத்தையே திருப்பி அனுப்பினேன். வேடிக்கை என்று நினைப்பு.

இம்போசிஷன் வரவில்லை. அடுத்த வாரம் லீவில் போனேன். அவளும் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருபது வருடம். அந்தச் சொல்லை அவள் கல்லில் போட எனக்கு என்ன யோக்கியதை?

1.11, ஞாயிறு

மழை விட்டது. பூசைக்குப் பின் கல்காரர்: "நாளிக்கு திருநாளு சார். இன்னிக்கு சொன்னாதான் ஆவும்." பேர் மட்டும் போதும் என்றேன்.

சாயங்காலம் மகள் ஸ்டெல்லா, தன் அம்மாவின் ஜெபமாலையைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறினாள். "அப்பா, இது யாரு எழுதின இம்போசிஷன்?"

அதே கடிதம். சிவப்பு மை மங்கிவிட்டது. பின்பக்கம் பென்சிலில் காரிஸ்ஸிமே. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பத்து. அடியில், 'வந்து கேட்டா காட்டணும்.'

மகள் முன்னால் அழுதுவிட்டேன்.

2.11, திங்கள்

விடிந்ததும் கல்காரர் வீடு. "இப்ப வந்து சொல்றியே சார்!" திட்டிக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். காரிஸ்ஸிமா. கல்லறையில் கல்லை வைத்தாயிற்று, சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

கல்லில் ஒரு தடவைக்குத்தான் இடம். மீதி ஒன்பதையும் அங்கேயே நின்று வாயால் சொன்னேன். சத்தமாக.