நே லினுக்கு மூச்சு போதாது

29 ஆகஸ்ட் 2009, சனி

மிங்கலாடோனில் கல்லூரி அணிகளின் ஆட்டம். மழை விட்டும் விடாமலும். அடுத்த வருஷம் பர்மியக் கால்பந்து லீக்குக்கு எங்கள் கிளப்பில் ஒரே ஒரு சென்டர் பேக், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவன், இடம் காலி. ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான்.

ஐந்தாம் நம்பர், நே லின் என்று பெயர். கடைசி வருஷ மாணவன். முதல் அரை மணி நேரம் நான் பேனாவையே எடுக்கவில்லை, அவ்வளவு சுகமாக இருந்தது பார்க்க. காலை நீட்டிச் சறுக்குவதே இல்லை. பந்து எங்கே வரும் என்று தெரிந்து அங்கே போய் நிற்கிறான். தோளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்கிறான். இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

இடைவேளையில் மற்றவர்கள் ஐஸ் தண்ணீர் வாளி மேல் விழுந்தார்கள். இவன் மட்டும் கோல் கம்பத்தில் சாய்ந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு தனியாக நின்றான். ‘தலைக்கனம் இருக்கலாம்’ என்று குறித்தேன்.

நான் வெற்றிலைக் கடைக்குப் பின்னால் போய்த் திரும்பி நின்று டீ குடித்தேன். சர்க்கரை வியாதிக்காரன் நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். இருந்தாலும் நம்மாட்கள் கண்ணில் பட்டால் கூச்சம்.

இரண்டாம் பாதியில் ஆள் கரைந்துபோனான். கால் எழும்பவில்லை. ஒரு சாதாரண பந்துக்குத் தலை கொடுக்கப் போய்த் தவறவிட்டான், கோல். கடைசியில் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றான்.

இவ்வளவு மூளையும் மூச்சில்லாத உடம்பில் போய் மாட்டிக்கொண்டதே.

31 ஆகஸ்ட்

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். “ஆட்டம் தெரியும். ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்க மாட்டான். வேண்டாம்.”

“ஊ தின் வின் சொன்னா சரி” என்றார். கிளப்பில் என் பெயர் அதுதான். அப்துல் பாரி என்பது வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் மட்டும்.

7 செப்டம்பர்

வேறு இரண்டு பையன்களைப் பார்த்தேன். ஓடுகிறார்கள், ஓடுகிறார்கள், எதற்கு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

12 செப்டம்பர், சனி

தூங்குவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் என் வீட்டுக்காரி கரீமா தூக்குவாளியைக் கொடுத்து, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி வரச் சொன்னாள். கியாக்டடாவில் பஸ் நகரவே இல்லை. நடந்தே போனேன். வரிசையில் நின்று என் முறை வந்தது. வாளியை நீட்டினேன். அகப்பை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், தலையில் வெள்ளைத் தொப்பியோடு ஐந்தாம் நம்பர்.

“ஸயா?” என்றான். பயிற்சியாளர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் இங்கே. பிறகு திக்கித் திக்கித் தமிழில்: “நீங்க… நம்மாளா?”

“நீ?”

“சர்ஃபராஸ். காலேஜ்லதான் நே லின்.”

பின்னால் நின்ற பெரியவர் நகருங்கப்பா என்றார். ஒதுங்கி நின்று கேட்டேன். அன்னைக்கு மிங்கலாடோன்ல நோன்பா? ஆமா. தண்ணி? குடிக்கலை. ஏன்டா சொல்லலை?

“யாரும் கேக்கலையே ஸயா.”

எனக்கே ரெண்டு பெயர். எல்லோருக்கும் ரெண்டு பெயர் இந்த ஊரில். பர்மியப் பெயரைப் பார்த்தேன், அதோடு யோசிப்பதை நிறுத்திவிட்டேன். தாகத்தைத் தலைக்கனம் என்று எழுதினேனே — எத்தனை நோன்பு பிடித்த ஆள் நான்!

“கிளப்ல இதச் சொல்லிடாதீங்க. சாக்கு சொல்றான்னு நெனைப்பாங்க” என்றான். கஞ்சியைத் தளும்பத் தளும்ப ஊற்றினான்.

13 செப்டம்பர்

கரீமா பெயரைக் கேட்டதுமே, “எங்கூடப் படிச்ச ஜஸீலா மகன்ல அது” என்றாள். “பெருநாள் கழிச்சு மலேசியாவுக்கு அனுப்புறாங்க. ஹோட்டல் வேலையாம். பாஸ்போர்ட்டு கூட வந்துருச்சு. கிளப்பு ஏதாச்சும் எடுத்தா இங்கேயே இருக்கட்டும், இல்லாட்டி பிளேன் ஏறிடணும்னு அவன் வாப்பா சொல்லிட்டாராம்.”

“எடுக்க வேண்டாம்னு சொன்னதே நான்தான்” என்றேன். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

14 செப்டம்பர்

மேனேஜரிடம் போய், அந்தப் பையனை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றேன்.

“வேண்டாம்னது நீங்கதானே?”

“நான்தான். அவசரப்பட்டுட்டேன்.”

மாத முடிவுக்குள் சொல்லச் சொன்னார். மூஞ்சியில் சந்தேகம் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

17 செப்டம்பர்

இப்போது வேறு கவலை. நம்ம பையன், கஞ்சி ஊற்றிய கை, ஜஸீலா மகன். இனிமேல் நான் பார்த்தால் கண் நேராகப் பார்க்குமா? பந்தைத் தவறவிட்டால்கூட மைதானத்தின் மேல் பழி போடுவேன். வேறு கண் வேண்டும்.

அப்பாசாமி. எங்கள் கிளப்பில் கோல்கீப்பர்களைப் பழக்குகிறவன், வாயைத் திறந்தால் ரயில் இஞ்சின் சத்தம். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. அவனிடம் “மாவ்பியில ஒரு ஆட்டம் இருக்கு, அஞ்சாம் நம்பரைப் பாரு” என்று மட்டும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை.

21 செப்டம்பர், பெருநாள்

தொழுகை முடிந்து சர்ஃபராஸ் வந்து கட்டிக்கொண்டான். தோள் நல்ல கனம். மாவ்பி ஆட்டத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. அவன் வாப்பா தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

26 செப்டம்பர், சனி

மாவ்பி. கொட்டுகிற மழை. வயல் எது மைதானம் எது என்று தெரியவில்லை. நான் அப்பாசாமிக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன், என் மூஞ்சியைப் பார்த்து அவன் முடிவு செய்துவிடக் கூடாதே.

இடைவேளையில் பையன் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துக் குடித்தான். இதைப் பார்த்து ஒரு மனுஷன் கண் கலங்குவானா? கலங்கினேன்.

கடைசி நிமிடங்களில் எதிரணியின் வேகக்காரன் தனியாகத் தப்பித்து ஓடினான். எங்கள் பையன் பாதி மைதானம் துரத்தி வந்தான். காலை விடுவான், விட்டால் போச்சு என்று நான் பல்லைக் கடித்தேன். விடவில்லை. கூடவே ஓடி, கோல் பக்கத்தை அடைத்து, அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக மூலைக்குத் தள்ளிக்கொண்டே போனான். அங்கே நின்றான். சும்மா நின்றான். வேகக்காரனுக்குப் போக இடமில்லை, பந்தைத் தானே வெளியே உதைத்துவிட்டான்.

அப்பாசாமி சேற்றில் நடந்து வந்தான். நான் கேட்கவில்லை. “அவன் முன்னாடி நின்னா எங்க கோல்கீப்பர் பய பாய விரிச்சுப் படுத்துக்கலாம்யா. யாரு பெத்த புள்ள?”

சொன்னேன். நோன்பையும், அன்றைக்கு நான் ஒளிந்து டீ குடித்ததையும் சொன்னேன். சிரிசிரி என்று சிரித்தான். “வெத்தலக் கட மறைவுல நின்னு டீ குடிச்ச ஆளு, பட்டினிக்காரனப் பாத்து மூச்சு இல்லன்னியா?”

சிரிக்கட்டும். அல்ஹம்துலில்லாஹ். பஸ்ஸில் வீடு வரை தூங்கினேன், எத்தனை நாளாயிற்று அப்படித் தூங்கி.

28 செப்டம்பர்

சர்ஃபராஸிடம் கேட்டுக்கொண்டுதான் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வருஷா வருஷம் ஒரு மாதம் இப்படித்தான் இருக்கும், லீக் நடுவிலும் வரலாம் என்றேன். மறைத்து ஆள் சேர்த்தால் ஆகஸ்டில் அது அவன் தலையில்தான் விடியும்.

மேனேஜர் யோசித்தார். “நம்ம பௌத்தப் பசங்க கொஞ்ச நாள் துறவு பூண்டு மடத்துக்குப் போறப்ப விடுறோம்ல? இவன் மைதானத்துலயாவது நிப்பான்” என்றார். பிறகு, “முதல்லயே கேட்டிருக்கலாமே நீங்க.”

கேட்டிருக்கலாம்.

2 அக்டோபர்

கையெழுத்து ஆயிற்று. ஜஸீலா வட்டிலப்பம் கொடுத்தனுப்பியிருந்தாள். சர்க்கரைக்காரனுக்கு! கரீமா பார்க்காதபோது ஒரு துண்டு.

14 ஆகஸ்ட் 2010, சனி

நோன்பு தொடங்கி மூன்றாம் நாள். சர்ஃபராஸ் ஆடினான். முதல் பாதி முழுக்க, இரண்டாம் பாதியில் கொஞ்சம். பிறகு மேனேஜரே கை காட்டி அழைத்து உட்கார வைத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். நோன்பு திறக்கிற பாங்கு நேரத்தில் ஒரு பேரீச்சம்பழத்தைப் பிட்டு எனக்குப் பாதி நீட்டினான்.

காலையில் ஒரு புதுப் பையனைப் பார்க்கப் போயிருந்தேன். கல்லூரி மாணவன், இடது பேக். ஆட்டம் தொடங்குமுன் பக்கத்தில் போய், “இன்னைக்கு ஏதாவது சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

விழித்தான். “இல்ல ஸயா. நீங்க பாக்க வர்றீங்கன்னு பயத்துல ஒன்னும் எறங்கல.”

நோன்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மொஹிங்கா நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தேன். அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.